தாய்ப்பக்கத்துக் கண்

செய்தி மறுபடியும் வந்தது. வசந்தாமணி அப்போது இட்லி மாவில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. கைபேசி அடுப்பு மேடையில் கிடந்து மின்னியது. 'தங்கள் கணவரின் துணைப்பக்கத்திற்குப் புதிய டிரைவர்கள் தயார். இப்போதே நிறுவலாமா, பிறகு பார்க்கலாமா?' கேட்பதென்னவோ சம்பந்தி வீட்டார் மாதிரி மரியாதையாகத்தான் கேட்டது. மாவு படாத சுண்டுவிரலால் 'பிறகு' என்பதைத் தொட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். உலகத்தில் யார்தான் அப்படிச் செய்யவில்லை, சொல்லுங்கள்.

அவள் கணவர் சென்னியப்பனுக்குக் கணபதி என்கிற பகுதியில் லேத் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் தொழில். நல்ல தொழிலாளி, படு கோபக்காரர். சாம்பாரில் புளி கூடினால் தட்டைத் தள்ளமாட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதற்குத் தட்டையே தள்ளிவிடலாம் என்று வசந்தாமணிக்குத் தோன்றும். மகள் தாரணி பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம் ஒரு காலை, பட்டறையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். பேச்சு போயிற்று, கை கால் போயிற்று, கழுத்துகூடத் திரும்பவில்லை. கண் மட்டும் மிச்சம். கண்ணை மேலே தூக்கினால் 'ஆமாம்'. மூடினால் 'இல்லை'. கோபம் வந்தால் கருவிழி இரண்டும் சுவர்ப் பக்கம் போய்விடும். அந்த நிலைமையிலும் மனிதருக்குக் கோபம் மட்டும் குறையவில்லை!

பிறகுதான் காதுக்குப் பின்னால் தகடு வைத்தார்கள். வைத்த அன்று, அதைப் பொருத்துகிற மையத்தில் வேலை பார்த்த ஷமீமா என்ற பெண் உட்காரவைத்து விளக்கினாள்.

"ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு வெச்சிருப்பாங்க ஆன்ட்டி. எதை எழுப்பறமோ அது எந்திரிக்கும், இன்னொண்ணு தூங்கும். அங்கிளுக்கும் அப்படித்தான். தாய்ப்பக்கம் அவரோட சொந்த மூளை. அதுக்கும் கைகாலுக்கும் இருந்த தொடர்பு அறுந்து போச்சு. துணைப்பக்கம் இந்தத் தகட்டுல ஓடும். கைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு, நாக்குக்கு ஒண்ணுன்னு அதுக்கு டிரைவர் போட்டுக் குடுத்திருக்கோம்."

"டிரைவருன்னா என்ன சாமி?"

"உங்க பட்டறையில சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஸ்டார்ட்டர் இருக்குமில்லீங்களா? அது இல்லாட்டி சுவிட்சைத் தட்டித் தட்டி விரல்தான் தேயும். அதாட்டத்தான்."

"அப்ப எந்திரிச்சு வரப் போறது எங்க வீட்டுக்காரருதானுங்களா?"

ஷமீமா திரையைப் பார்த்துக்கொண்டே, "நினைவெல்லாம் அவரோடதுதானுங்க ஆன்ட்டி," என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது வசந்தாமணிக்குத் தெரியும். கட்டிய புருஷன் எழுந்து உட்கார்ந்து "வசந்தா, தண்ணி குடு" என்று கேட்ட நேரத்தில் யாருக்குக் குறுக்குக் கேள்வி கேட்கத் தோன்றும்?

துணைப்பக்கத்துச் சென்னியப்பன் நடந்தார், பேசினார், ஒரு மாதத்தில் லேத்தையும் ஓட்டினார். சாம்பாரில் புளி கூடினாலும் சாப்பிட்டார். தாரணியின் பட்டமளிப்புக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியதும் இவர்தான். வசந்தாமணி பேச்சில் நடமாடுகிறவர் 'இவரு', தாய்ப்பக்கத்தில் இருக்கிறவர் 'அவரு'. இப்படித்தான் அந்த வீட்டில் ஒரே ஆளை இரண்டு பேராகச் சொல்லிப் பழகிக்கொண்டார்கள்.

அவளாகவே ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் பட்டறை மூடி வந்ததும் இவர் கைகால் கழுவிக் கட்டிலில் படுப்பார். தகட்டைச் சார்ஜில் மாட்டிவிட்டு, கைபேசியில் தாய்ப்பக்கத்தை எழுப்புவாள். உடம்பு தொய்ந்து போகும். கண்ணில் அவர் வந்துவிடுவார். அன்றைக்கு நடந்ததையெல்லாம் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அவரிடம் ஒப்பிப்பாள். கண் தூக்குவார், மூடுவார், கோபித்துச் சுவரைப் பார்ப்பார். அந்தக் கோபம் ஒன்றுக்காகவே அவள் உட்கார்ந்திருப்பாள் என்றுகூடச் சொல்லலாம்.

தாரணிக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "நல்லா நடக்கற மனுஷனைத் தினமும் படுக்க வெச்சுப் பேசறியேம்மா, உனக்கே பாவமாத் தெரியலையா?" என்பாள்.

கார்த்திகை தீபம் கழிந்த மறுவாரம் அந்த விபரீதம் நடக்கப் பார்த்தது. லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது இவர் கையை நீட்டினார். நீட்டிய கை, இரும்பைக் கவ்விச் சுழல்கிற சக்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அப்படியே நின்றுவிட்டது. இழுக்கிறார், வரவில்லை. படிப்பு முடித்துப் பட்டறைக் கணக்கு வழக்கைக் கவனித்துக்கொண்டிருந்த தாரணி, பாய்ந்து போய் மெயினை அணைத்தாள். அன்று மதியமே ஷமீமாவுக்குப் போன் போட்டார்கள்.

"புது டிரைவர் போட்டே ஆகணுங்க ஆன்ட்டி," என்றாள் ஷமீமா. "தகடு செஞ்ச கம்பெனி பழசுக்கு இனிமே ஆதரவு கிடையாதுன்னுட்டாங்க. இன்னிக்குக் கை நின்ன மாதிரி நாளைக்குக் கால் நிக்கும், அப்புறம் நாக்கு. முழுசாவே படுத்துருவாரு."

"போட்டுறலாங்க. அதுக்கென்ன?"

"ஒரு விஷயம் இருக்குதுங்க. கண்ணு ரெண்டு பக்கத்துக்கும் பொது. பழைய டிரைவரு, நீங்க பக்கம் மாத்துனதும் கண்ணைத் தாய்ப்பக்கத்துக்கு விட்டுக் குடுத்துட்டு ஒதுங்கிக்கும். புதுசு விட்டுக் குடுக்காதுங்க. கண்ணை எப்பவும் துணைப்பக்கத்துக்கே வெச்சுக்கும்."

"அப்ப அவரு?"

"அவரு உள்ள இருப்பாருங்க. நீங்க எழுப்புனா எந்திரிப்பாரு. காது கேக்கணும், காதுக்கு டிரைவர் எதுவுமில்லை. ஆனா பாக்க முடியாது. கண்ணைத் தூக்கி மூடி உங்களுக்குப் பதிலும் சொல்ல முடியாது."

"ஏஞ் சாமி, கைகாலுக்கு மட்டும் போட்டுட்டுக் கண்ணை விட்டுற முடியாதா?"

"ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னு இருந்தா ஒத்துப் போகாதுங்க ஆன்ட்டி. கை ஒரு கணக்குல போகும், கண்ணு ஒரு கணக்குல பாக்கும். எல்லாஞ் சேத்துத்தான் போடணும். அதுக்கு அங்கிள் வாயால சம்மதம் சொல்லணும். சட்டம் அப்படி."

அங்கிள் என்றால் எந்த அங்கிள்? வாய் இருப்பது இந்தப் பக்கம். உயிரோடு புதைபடப் போவது அந்தப் பக்கம். சட்டம் எழுதினவனுக்கு இது தோன்றவே இல்லை போலிருக்கிறது.

வீட்டில் அன்றைக்கு ஒரே சண்டை.

"அம்மா, நான் சொல்றனேன்னு கோவிச்சுக்காத. அங்க அப்பா இல்லை. கண்ணு அசையறதை வெச்சு நீயா ஒண்ணு நினைச்சுக்கற. அப்பா இதோ உக்காந்திருக்காரு, இவருக்குக் கை போகப் பாத்துச்சு. யாருக்காகப் பயப்படணும், சொல்லு?"

"நீ வாயை மூடு. அவரோட கோவம் உனக்கென்ன தெரியும்? நான் பாத்திருக்கறேன்."

இவர் அதுவரை நின்றுபோன கையைத் தடவிக்கொண்டிருந்தார். இவருக்கும் பயம்தான். "வசந்தா, என்னைக் கேட்டா நான் எனக்குத் தோதாத்தான் சொல்லுவேன். அது நியாயமில்லை. அவன்கிட்டயே கேளு. அவன் வேண்டாம்னா நான் சம்மதம் சொல்லலை," என்றார்.

எவ்வளவு நல்ல மனசு என்று வசந்தாமணி உருகிப் போனாள். மறுநாள் சாயங்காலம் கட்டிலில் படுக்கவைத்து, பக்கம் மாற்றி, சன்னலை நன்றாகத் திறந்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கோணும். நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க." ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கை நின்றது, கால் நிற்கப் போவது, கண் போனால் இருட்டில் கிடக்க வேண்டியது எதையும் மறைக்கவில்லை. "போட்டுறட்டுங்களா?"

கருவிழிகள் மேலே போயின. ஆமாம்.

"நிசமாத்தான் சொல்றீங்களா?"

மறுபடியும் மேலே போயின.

"என்மேல கோவமா?"

இமைகள் மெல்ல மூடித் திறந்தன. இல்லை.

கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுப் பக்கம் ஓடியது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. அவளும் அழுதாள். இப்படியும் ஒரு மனுஷனா, குடும்பத்துக்காக இருட்டுக்குப் போகிறேன் என்கிறாரே, அவரையா நான் காலமெல்லாம் கோபக்காரர் என்று பேசினேன் என்று அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் அழுதாள்.

மறுநாள் காலை மூவரும் மையத்துக்குப் போனார்கள். ஷமீமா தகட்டில் கம்பியை மாட்டித் திரையைத் திறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த வசந்தாமணிக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"அவரே சரின்னுட்டாருங்க. முந்தியாட்ட இல்லை. தீபாவளிக்கு முன்னாடி இருந்தே குணம் மாறிப் போச்சு. ஒரு நாள்கூடச் சுவத்தைப் பாக்கறதில்லை. எது கேட்டாலும் சிரிச்ச கண்ணு. தீபாவளிச் சேலை நல்லா இருக்குதான்னு கேட்டேன், உடனே கண்ணைத் தூக்குனாரு. சேலையைப் பாத்து அவரு என்னிக்கு நல்லா இருக்குதுன்னாரு!"

ஷமீமா திரையில் எதையோ மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, டிரைவர் போடட்டுமான்னு செய்தி வந்துச்சுங்களா?"

"வந்துட்டேதான் இருக்குது. பிறகு பிறகுன்னு தள்ளிட்டே இருந்தேன்."

"தள்ளிட்டே இருந்தா, கடைசியில அதுவே சரின்னு எடுத்துக்குமுங்க. கைகால், நாக்கெல்லாம் பெரிய கணக்கு, அதுக்குச் சம்மதம் வேணும். கண்ணைச் சின்னக் கணக்குல வெச்சிருக்காங்க. அதுக்கு வேண்டியதில்லை." அவள் குரல் இறங்கியது. "கண்ணு டிரைவர் ஏற்கெனவே மாறியிருக்குதுங்க ஆன்ட்டி. தீபாவளிக்கு முன்னாடியே. அதனாலதான் அங்கிளுக்குக் கை நின்னிருக்குது. புதுக் கண்ணு, பழைய கை."

"அதெப்படி மாறும்? நான் ஒண்ணும் பண்ணலையே."

"துணைப்பக்கம் ஓடறப்பப் போடாதுங்க. அது சும்மா இருக்கற நேரமா, சார்ஜுல இருக்கற நேரமாப் பாத்துப் போட்டுக்கும்."

துணைப்பக்கம் சும்மா இருக்கிற நேரம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் அவள் தன் கையால் சார்ஜில் மாட்டிவிட்டு அவரை எழுப்பி உட்கார்ந்து பேசுகிற நேரம்.

வசந்தாமணி திரும்பி இவரைப் பார்த்தாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நேத்துக் கண்ணைத் தூக்குனது ஆரு?"

"நான்தான் வசந்தா."

"அவரை நீங்க அங்க பாத்தீங்களா? அவரு என்ன சொன்னாரு?"

"அங்க என்னால போக முடியாது. முன்னாடியெல்லாம் நீ மாத்துனா எனக்கு ஒண்ணும் தெரியாது, தூங்கிருவேன். தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாள், மாத்துன பின்னாலும் முழிச்சுட்டே கிடந்தேன். கையில்லை, வாயில்லை, கண்ணு மட்டும் எங்கிட்ட. நீ குனிஞ்சு சேலை நல்லா இருக்குதான்னு கேக்கற. பதில் சொல்லாமக் கிடந்தா நீ பயந்து போவ. தூக்குனேன். உனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் எப்படிச் சொல்றது?"

"சேலைக்குத் தூக்குனீங்க சரி. நேத்து?"

இவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "சக்குல கை மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுட்டே கிடந்தேன். நீ கேட்டதும் கண்ணு போயிருச்சு. நியாயம் பேசறதெல்லாம் உக்காந்திருக்கறப்பத்தான் வருது வசந்தா."

"பாத்தியாம்மா," என்று தாரணி மெதுவாக ஆரம்பித்தாள், "அப்ப அழுததும் அப்பாதான். நான்தான் சொன்னேனே, அங்க யாரும்…"

"நான் அழுகலையே," என்றார் இவர்.

ஷமீமா நிமிர்ந்தாள். "கண்ணுல தண்ணி வந்துச்சுங்களா? நேத்தா?"

"நிக்கவே இல்லை. துடைச்சுத் துடைச்சுத் தலைப்பே நனைஞ்சு போச்சு."

ஷமீமாவுக்குச் சொல்லவும் மனசில்லை, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. "கண்ணீருக்கு நாங்க டிரைவர் எழுதலைங்க ஆன்ட்டி. அது தாய்ப்பக்கத்தோடது."

தாரணி நின்ற இடத்திலேயே கீழே உட்கார்ந்துவிட்டாள். பெற்ற தகப்பனை இத்தனை வருஷமாக இல்லை இல்லை என்று சாதித்த பெண். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

வசந்தாமணி ஷமீமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பழசைத் திருப்பிப் போட்டுரு சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கம்பெனி பழசை எடுத்துட்டாங்க ஆன்ட்டி. என்கிட்ட நகல் இருக்குது, போட்டாலும் தகடு ஏத்துக்காது. புதுசுதான் நல்லதுன்னு அது நம்புது. நான் எழுதிக் கேக்கறேன். இதுக்கு முன்னாடியும் கேட்டிருக்காங்க. தாய்ப்பக்கத்துக்கு நாங்க பொறுப்பில்லைன்னுதான் பதில் வரும்." அவளும் அழுதுவிட்டாள். "மிச்சத்தையும் போட்டுறலாங்க. போடாட்டி அங்கிள் கைகாலும் போயிரும். கண்ணும் திரும்பாது."

இனி வேண்டாமென்று சொல்லி யாருக்கு என்ன லாபம்? வசந்தாமணி தலையை ஆட்டினாள். ஷமீமா ஒலிவாங்கியை நீட்டினாள். "சென்னியப்பன் ஆகிய நான் முழு மனத்துடன் சம்மதிக்கிறேன்," என்று இவர் படித்தார். முழு மனத்துடன் என்கிற இடத்தில் குரல் தடுமாறியது. இயந்திரம் அதையும் ஏற்றுக்கொண்டது.

அரை மணியில் கை சரியாகிவிட்டது. வீடு திரும்பும் வழியில் தாரணிக்கு ஆரஞ்சுப் பழம்கூட உரித்துக் கொடுத்தார். அவள் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

சாயங்காலம் வந்தது. அவர்கள் வேண்டாமென்றால் அது நிற்கப் போகிறதா? இவர் வழக்கம்போலக் கைகால் கழுவிக்கொண்டு கட்டிலுக்கு வந்தார்.

"மாத்தப் போறியா வசந்தா?"

"அவருகிட்ட ஒரு சேதி சொல்லோணும்."

"நான் முழிச்சுட்டுத்தான் கிடப்பேன். கேட்டுரும்."

"கேட்டாக் கேட்டுட்டுப் போகுது. பாக்காதீங்க, அது போதும்."

இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தானே மடித்துக் கொடுத்தார். படுத்தபின் வசந்தாமணி அதைக் கண்கள் மேல் போட்டு, ஓரத்தைத் தலைக்கடியில் செருகிவிட்டுப் பக்கத்தை மாற்றினாள். உடம்பு தொய்ந்தது. அவள் காதருகே குனிந்தாள்.

"ஏனுங்க, வசந்தாதான். பயந்துக்காதீங்க. பொழுது இன்னும் போகலை. சன்னல் திறந்துதான் இருக்குது, நல்ல வெளிச்சம். உங்களுக்கு மட்டுந்தான் தெரியாது. கண்ணு கெட்டுப் போகலைங்க. உங்ககிட்ட இருந்து எடுத்துட்டாங்க, அவ்வளவுதான். தீபாவளிக்கு முன்னாடியே எடுத்துட்டாங்களாம். எனக்குத் தெரியலை. இருட்டுல நீங்க தவிச்சுட்டுக் கிடந்திருக்கீங்க, நான் பாட்டுக்குச் சேலை நல்லா இருக்குதா, தீபம் நல்லா எரியுதான்னு கேட்டுட்டு இருந்திருக்கறேன். இவளுக்குப் பைத்தியமான்னு நினைச்சிருப்பீங்க."

கொஞ்சம் நிறுத்தி மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"நேத்து ஒண்ணு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குக் கேக்கவே இல்லை. ஆனாச் செஞ்சுட்டோம்."

வாசற்படியில் தாரணி நின்றிருந்தாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

வசந்தாமணிக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இவர் நடமாடும் நேரமெல்லாம் அவர் தூங்குகிறார். தூக்கத்தில் இருட்டும் கிடையாது, தவிப்பும் கிடையாது. அவள் எழுப்பினால்தான் எல்லாம். எழுப்பாமலே விட்டுவிட்டால் அது அவருக்குச் செய்கிற நல்லதா, இல்லை ஆளையே கொன்று போடுவதா?

"நாளைக்கும் எழுப்பட்டுங்களா?" என்று கேட்டாள். பழக்க தோஷத்தில் பதிலுக்குக் காத்தும் இருந்தாள். சன்னல் வெளிச்சம் மங்கிச் சாம்பலாகும் வரைக்கும் அப்படியே குனிந்து காத்திருந்தாள். பிறகு பக்கத்தை மாற்றித் துண்டை எடுத்தாள்.

இவர் எழுந்து உட்கார்ந்தார். துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "நானும் அவன்தானே வசந்தா. அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்னுதான் நினைக்கறேன். சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாங்க," என்றாள் அவள். "நீங்க சொன்னா நான் நம்பிருவேன்."